ஆப்பிரிக்கச் சுருள் முடி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

கானாவில் வாழ்க்கைப்பட்டு அக்ராவில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு அவள் அப்பாவின் முடி. இறுக்கமான, சின்னச் சின்னச் சுருள்கள். அந்த முடியைப் பார்த்துக்கொள்ள மாமியாரிடமும் நாத்தனாரிடமும் சடை போடும் பெண்களிடமும் கற்றதையும், தோல் மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன். தமிழில் முடிக் குறிப்பு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் நேராக விழும் முடிக்கானவை. தலையில் எண்ணெய் வை, சீயக்காய் தேய், ஈரத்தலையை வாராதே. இவற்றில் சில இந்த முடிக்குப் பொருந்தாது, சில நேர் எதிராகவே வேலை செய்யும். லண்டன், டொரான்டோ, டர்பன் என்று எங்கோ இப்படிப்பட்ட முடியோடு ஒரு பேத்தியோ மருமகளோ உள்ள வீடுகளுக்கு இது உதவும்.

முடியின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த முடியின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தோலுக்கு அடியில் வேர்ப்பையே வளைந்திருக்கிறது. தண்டு திரும்பும் ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். தலைத்தோல் தேவையான எண்ணெயைச் சுரக்கத்தான் செய்கிறது, ஆனால் அது சுருள் சுருளாக இறங்கி நுனிவரை போய்ச் சேர்வதில்லை. அதனால் வேர்ப்பக்கம் பிசுக்காக இருந்தாலும் நுனி வறண்டே கிடக்கும். சீக்கிரம் வறளும், சீக்கிரம் ஒடியும். கீழே வரும் பெரும்பாலான தொல்லைகள் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

கொட்டுகிறதா, ஒடிகிறதா?

எதைச் செய்யும் முன்பும் இந்தச் சோதனை. சீப்பிலும் தரையிலும் கிடக்கும் முடிகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தாளில் போடுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது. ஆயுள் முடிந்து விழும் முடி அது. யாருக்கும் ஒரு நாளில் 50 முதல் 100 வரை இப்படி விழும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் கிடந்தால் அவை ஒடிந்தவை.

ஒடிந்தவைதான் அதிகம் என்றால் கோளாறு தண்டில். வறட்சி, சீப்பு, சூடு, ரசாயனம் என்று வெளியே தேடுங்கள். குமிழோடு வருபவை திடீரென்று கூடினால் உடம்பைக் கவனிக்க வேண்டும். பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது வழக்கம், தானாகச் சரியாகிவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, கடும் காய்ச்சல், சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கியது எல்லாமே காரணமாகலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், எந்தத் தைலமும் தீர்க்காது.

ஒரு எச்சரிக்கை. ஆறு வாரம் போட்டிருந்த பின்னலை அவிழ்க்கும்போது கைப்பிடி அளவு முடி வரும். பார்த்துப் பதறிவிடாதீர்கள். அத்தனை நாளும் விழ வேண்டியவை பின்னலுக்குள் மாட்டிக் கிடந்து ஒரே நாளில் வெளியே வருகின்றன. குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

“வளரவே மாட்டேன் என்கிறது”

நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். இந்த முடி வளராது என்று ஆப்பிரிக்கப் பெண்களிடமே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி நம்ப வைத்திருக்கிறார்கள். அது உண்மை இல்லை. ஆய்வுகளில் அளந்தபோது ஆப்பிரிக்க முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.26 மில்லிமீட்டர் வளர்ந்தது, ஐரோப்பிய முடி சுமார் 0.4. மெதுவானதுதான், ஆனாலும் மாதத்துக்குக் கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர், வருடத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல். இது சராசரிதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

அப்படியானால் வளர்ந்த நீளம் எங்கே போகிறது? இரண்டு இடத்தில் தேடுங்கள்.

ஒன்று, சுருக்கம். தோளைத் தொடும் முடி நனைந்து காய்ந்தால் காதோரத்துக்கு ஏறிவிடும். நீளத்தில் பாதிக்கு மேல், சிலருக்கு முக்கால் பங்குகூடச் சுருளுக்குள் ஒளிந்துவிடுகிறது. ஆகவே கண்ணால் பார்த்து அளக்காதீர்கள். பிடரியில் ஒரு இடம், உச்சியில் ஒரு இடம், காதுக்கு மேல் ஒரு இடம் என்று குறித்துக்கொண்டு, சின்னக் கொத்தை மெல்ல இழுத்துப் பிடித்து அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் அளந்தால் உண்மை தெரியும். இந்தச் சுருக்கம் நோய் இல்லை. சுருள் உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம். நீளம் வெளியே தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் சூடு வைக்காமலே நீட்டலாம். கறுப்பு நூலை வேரிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றிவிட்டு மறுநாள் அவிழ்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய வழி. யொரூபா மக்கள் இதை இருன் கீக்கோ என்பார்கள். மாமியார் தலைமுறைக்கு இது அன்றாட அலங்காரம். அழகாகவும் இருக்கும், முடியையும் காப்பாற்றும். நடுவில் மறந்துபோன இந்தப் பழக்கத்தை இப்போது இளம் பெண்கள் மறுபடி எடுத்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டு, நுனி ஒடிவது. மாதம் எட்டு மில்லிமீட்டர் வேரில் வளர்ந்து, அதே எட்டு மில்லிமீட்டர் நுனியில் ஒடிந்தால் வருடக் கணக்கில் முடி ஒரே நீளத்தில் நிற்கும். மூன்று மாதம் கழித்து எடுத்த அளவு மாறவே இல்லை என்றால் இதுதான் நடக்கிறது. வளர்ச்சித் தைலம் வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம். வேர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. நுனியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

சாட் நாட்டுப் பெண்களின் செபே பொடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடுப்புவரை முடி வளர்த்திருக்கும் அந்தப் பெண்கள் பொடியை எண்ணெயில் குழைத்துத் தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் மட்டும் பூசி, பின்னி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். தண்டு வறளாமல், உராயாமல், ஒடியாமல் தங்குகிறது. வேரைத் தூண்டி வளர்க்கும் மந்திரம் எதுவும் அதில் இல்லை. நீளத்தைத் தக்கவைத்தால் போதும் என்பதை அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

இரவிலும் நுனி ஒடியும். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், ராத்திரி முழுக்க உரசும். சாட்டின் துணியில் தலைக்குட்டையோ குல்லாவோ கட்டிக்கொண்டு படுக்க வேண்டும், அல்லது உறையையே சாட்டினுக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலன் அதிகம்.

“தண்ணீர் தெளித்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது”

முதல் கேள்வி: தண்ணீர் போடுகிறீர்களா, எண்ணெய் மட்டும் போடுகிறீர்களா? எண்ணெய் ஈரம் தராது. ஈரம் தருவது தண்ணீர். எண்ணெயும் ஷியா வெண்ணெயும் அந்த ஈரம் ஓடிவிடாமல் மேலே மூடி போடும். உலர்ந்த முடியில் எண்ணெய் பூசினால் வறட்சிக்குத்தான் மூடி போடுகிறீர்கள். வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அதன்மேல் அலசாமல் விடும் கண்டிஷனர், கடைசியில் எண்ணெய் அல்லது ஷியா. கானாவில் ஷியாவை இங்குட்டோ என்பார்கள். வடக்கே தமாலே பக்கத்துப் பெண்கள் கடைந்து எடுப்பது. அக்ராவின் மக்கோலா சந்தையில் உருண்டையாக வாங்கலாம். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும். பட்டாணி அளவு எடுத்து உருக்கி நுனிப்பக்கம் தடவினால் போதும்.

இந்த வரிசையைச் சரியாகச் செய்தும் காய்கிறது என்றால் அடுத்த காரணங்களைப் பாருங்கள்.

தண்ணீர் முடிமேல் முத்து முத்தாக நின்று உருண்டு ஓடுகிறதா? அப்படியானால் பல நாள் பூசிய கிரீமும் ஜெல்லும் படிந்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கலாம். படிவை நீக்கும் ஷாம்புவால் ஒருமுறை நன்றாக அலசுங்கள். அப்புறமும் முத்தாகவே நின்றால் முடியின் வெளிச் செதில்கள் இயல்பிலேயே இறுக்கமாக மூடியவை. அத்தகைய முடிக்குக் கண்டிஷனர் பூசிவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் உள்ளே இறங்கும். கனமான வெண்ணெய்களைக் குறைத்து லேசான எண்ணெய்க்கு மாறுங்கள்.

தண்ணீர் பட்டவுடன் குடித்துவிட்டு அதே வேகத்தில் காய்ந்தால் செதில்கள் சேதமாகித் திறந்து கிடக்கின்றன. சாயம், ரிலாக்ஸர் (சுருளை நிரந்தரமாக நேராக்கும் ரசாயனம்), சூடு பட்ட முடி இப்படித்தான் இருக்கும். இதற்குக் கனமான கிரீமும் ஷியாவும் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் காற்றுக் குமிழியுமே விடையை மாற்றிவிடும்.

தண்ணீரே காரணமாகவும் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கும் வீடு, அல்லது லண்டன் போலக் கடினநீர் வரும் ஊர் என்றால் கால்சியம் தண்டில் படியும். ஷாம்பு நுரைக்காது, அலசியபின் முடி சொரசொரப்பாக இருக்கும். படிந்த கால்சியத்தைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ (EDTA) சேர்த்த ஷாம்புவை மாதம் ஒருமுறை போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம் பருவம். மேற்கு ஆப்பிரிக்காவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாரா பக்கமிருந்து ஹார்மட்டன் காற்று தூசியோடு இறங்கும். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், முடியும் அப்படித்தான். மழைக்காலத்தில் அற்புதமாக வேலை செய்த கிளிசரின் ஸ்ப்ரே இந்தக் காற்றில் காலை வாரிவிடும். கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றில் ஈரம் இல்லையென்றால் முடிக்குள் இருப்பதை இழுத்து வெளியே விட்டுவிடும். ஹார்மட்டன் மாதங்களில் கிளிசரினை நிறுத்திவிட்டு முடியைப் பின்னி, மேலே துணி கட்டிக்கொள்வதுதான் இங்கே எல்லாரும் செய்வது. கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள்ளும் இதே நிலைமைதான்.

இங்கே பலரும் பயன்படுத்தும் அலாட்டா சமினா என்ற கறுப்பு சோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழைத்தோல், கோகோ நெற்று இவற்றின் சாம்பலில் செய்வது. அழுக்கை அருமையாக எடுக்கும். ஆனால் சாம்பல் சோப்பு காரத்தன்மை மிகுந்தது, முடியின் செதில்களைத் திறந்துவிடும். தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் போட்டு, அலசியதும் கண்டிஷனர் பூசினால் பிரச்சினை இல்லை. கட்டியாக எடுத்து முடி முழுக்கத் தேய்த்தால் வறட்சி நிச்சயம். சீயக்காய்த் தூளை இந்தச் சுருள்களில் போடவே வேண்டாம், துகள்கள் உள்ளே மாட்டிக்கொண்டு அலச அலசப் போகாது.

“சீப்பைக் கண்டாலே குழந்தை அழுகிறது”

உலர்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள். நேர்முடியை ஈரத்தில் வாரினால் அறுந்துவிடும் என்று நாம் கேட்டு வளர்ந்தோம், அந்த முடிக்கு அது சரி. இறுக்கமான சுருள் முடிக்கு முறை வேறு. ஈரமும் கண்டிஷனரும் இருக்கும்போதுதான் இழைகள் வழுக்கிக்கொண்டு பிரியும். எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை, நேரமில்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைகுளிப்பு. அன்று செய்வது இவ்வளவு:

1. முடியை நான்காகவோ எட்டாகவோ பிரித்து ஒவ்வொன்றையும் முறுக்கி கிளிப் போடுங்கள். அடர்த்தி கூடக்கூடப் பாகங்களையும் கூட்டுங்கள்.
2. ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, வழுக்கும் அளவு தாராளமாகக் கண்டிஷனர் பூசுங்கள்.
3. விரலால் முதலில் சிக்கெடுங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் இழுக்காமல் பக்கவாட்டில் பிரியுங்கள்.
4. அகலப் பல் சீப்பை நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி வேருக்கு வாருங்கள். சீப்புக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் தலைத்தோலில் வலி தெரியாது.
5. அந்தப் பாகத்தைத் தளர்வாகப் பின்னிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் முடிந்ததும் பின்னல்களோடே தலைத்தோலில் ஷாம்பு போட்டு அலசுங்கள். மொத்த முடியையும் உச்சியில் குவித்துக் கசக்கினால் எடுத்த சிக்கெல்லாம் திரும்ப வந்துவிடும்.
6. மறுபடி கண்டிஷனர், அலசல். டர்க்கித் துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திப் பனியனால் ஒற்றி எடுங்கள்.

குளிப்பதற்கு முந்திய இரவு தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதை இந்த முடிக்கும் தாராளமாகச் செய்யலாம். இந்தியாவில் செய்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டுப் பார்த்தது. முடியின் உள்ளே இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் தலைத்தோலில் ஊற்றாமல் முடியின் நீளத்துக்குப் பூசுங்கள்.

நுனிப்பக்கம் மணல் துகள் மாதிரி சின்ன முடிச்சுகள் கையில் படுகின்றனவா? ஒற்றை இழை தன்மேலேயே சுற்றிப் போட்ட முடிச்சு அது. அவிழ்க்க முயலாமல், முடிச்சுக்குச் சற்று மேலே கூரான கத்தரியால் வெட்டிவிடுங்கள். முடியை விரித்துவிட்டே நாள் முழுக்க இருந்தால் இவை பெருகும், பின்னியோ முறுக்கியோ வைத்தால் குறையும். முடிச்சு இல்லாமல் தண்டின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்து அந்த இடத்தில் ஒடிந்தால் தண்டு அங்கே நைந்து பிரஷ் மாதிரி பிரிந்திருக்கிறது. சூட்டையும் ரசாயனத்தையும் சில மாதம் முழுமையாக நிறுத்துவதே வழி.

“ஈரத்தில் ரப்பர் மாதிரி இழுபடுகிறது”

நனைந்த இழை ஒன்றை மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிச் சுருண்டால் நன்றாக இருக்கிறது. நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் தொய்ந்தால் அதற்குப் புரதம் தேவை. இழுத்தவுடன் பட்டென்று அறுந்தால் ஈரம் போதவில்லை, அல்லது புரதச் சிகிச்சை மிஞ்சிவிட்டது. புரதம் என்றதும் முட்டையை உடைத்துத் தலையில் ஊற்ற வேண்டாம். பச்சை முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு. நீராற்பகுத்த புரதம் (hydrolyzed protein), அதாவது சின்னத் துண்டுகளாக உடைத்த புரதம், என்று லேபிளில் இருப்பதைப் பாருங்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் தேவைப்படாது.

சூடான சீப்போ இஸ்திரியோ போட்டபின் சில கொத்துகள் நனைந்தாலும் சுருளாமல் நேராகவே தொங்கினால், அது சூட்டில் வெந்துபோன புரதம். எந்த மாஸ்க்கும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. வளர வளர வெட்டிவிட வேண்டியதுதான்.

“நெற்றியோரம் ஏறிக்கொண்டே போகிறது”

இதைப் படிக்கும் யாருக்காவது இந்த அறிகுறி இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இன்றே கவனியுங்கள். இழுவையால் வரும் வழுக்கை இது. இறுக்கமான பின்னல், கனமான சவுரி, ஒட்டவைத்த தோப்பா, இழுத்துக் கட்டிய கொண்டை எல்லாம் காதுக்கு முன்னாலும் நெற்றியோரத்திலும் இருக்கும் மெல்லிய முடிகளை வேரோடு பிடித்து இழுக்கின்றன. கேப் டவுனில் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோவின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த பெண்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. ரிலாக்ஸர் போட்ட முடிமேல் பின்னலும் போட்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

அறிகுறிகள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் வலி. பின்னல் போட்ட இரவு தூங்க முடியவில்லை, பாரசிட்டமால் போட வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பின்னல் இறுக்கம். அன்றைக்கே முன்வரிசையை அவிழ்த்துவிடுங்கள், கொடுத்த பணத்தைப் பார்க்காதீர்கள். அடுத்து வேர்களில் சின்னக் கொப்புளம், பின்னலின் அடியில் தோல் கூடாரம் போலத் தூக்கி நிற்பது. அதற்கடுத்து ஓரத்தில் முடி மெலியும். பல பேருக்கு முன்னால் ஒரு மெல்லிய முடிவரிசை மட்டும் தப்பி நிற்க, அதன் பின்னால் இடம் வெறிச்சோடும். இதுவரைக்கும் இழுவையை நிறுத்தினால் சில மாதங்களில் முடி திரும்ப வாய்ப்பு உண்டு. தோல் வழுவழுப்பாகப் பளபளத்து வேர்த்துளையே தெரியவில்லை என்றால் தழும்பாகிவிட்டது, திரும்பாது.

சடை போடும் பெண்ணிடம் உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். ஓரத்துப் பூனைமுடிகளைப் பின்னலில் சேர்க்க வேண்டாம். முடிச்சில் தொடங்காமல் உங்கள் முடியிலேயே பின்னத் தொடங்கி, சவுரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கானாவில் சவுரி சேர்த்த பின்னலை ராஸ்டா என்பார்கள். இடுப்புவரை நீள ராஸ்டா எட்டு வயதுக் குழந்தையின் தலைக்குச் சுமை, தோள்வரை போதும். மணி கோத்து விடுவதையும் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு மேல், போனால் எட்டு வாரத்துக்கு மேல் எந்தப் பின்னலையும் வைத்திருக்க வேண்டாம். அவிழ்த்தபின் ஒன்றிரண்டு வாரம் தலைக்கு ஓய்வு கொடுங்கள். நேரம் இல்லை, மறுநாளே அடுத்ததைப் போட வேண்டும் என்று அவசரப்படும் பெண்களின் நெருக்கடி எனக்குத் தெரியும். சொந்த முடியோடு போனால் வேலையிடத்தில் ஒழுங்காக வரவில்லை என்று முகம் சுளிக்கும் ஊர்களில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலம் போய், சுத்தமாகி, ஏற்றுமதியாகி, இந்தியன் ஹேர் என்ற பெயரில் ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கும் வருகிறது. வேண்டுதலுக்கு இறக்கிய முடி இன்னொரு பெண்ணின் நெற்றியோரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதாலும் எனக்கு இதில் அக்கறை அதிகம். தைக்கும்போது தளர்வாகத் தைத்தால் போதும், அதே முடியை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

“உச்சந்தலை மெலிகிறது”

உச்சியில் தொடங்கி வட்டமாக வெளியே பரவினால், அதோடு எரிச்சலோ தொட்டால் நோவோ இருந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம். நடுவயதுக் கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் வரும், தழும்பில் போய் நிற்கும் ஒரு நோய் இருக்கிறது. பிஏடிஐ3 (PADI3) எனப்படும் மரபணுவில் உள்ள மாற்றம் சிலருக்கு இதற்குக் காரணம் என்று 2019-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் உங்களுக்கும் வரலாம். தொடக்கத்தில் உச்சியில் மட்டும் முடி ஒடிவதாகத்தான் தெரியும், வலியே இல்லாமலும் போகலாம். தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போனால் பரவுவதை நிறுத்த மருந்து உண்டு. போன முடி பெரும்பாலும் திரும்பாது என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

“அரிக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது”

புதுப் பின்னல் போட்ட ஓரிரு நாளில் அரித்தால் செயற்கைச் சவுரியின் மேல்பூச்சு காரணமாகலாம். அடுத்த முறை போடும் முன் சவுரியை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளையாகப் படிவு மேலே மிதந்ததும் அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

மஞ்சள் படிந்த பிசுக்கான செதில் என்றால் பொடுகு. எண்ணெய் வைத்தால் அடங்கும் என்று நம் ஊரிலும் நினைக்கிறோம், இங்கும் நினைக்கிறார்கள். பொடுகை உண்டாக்கும் ஈஸ்ட் எண்ணெயைத் தின்று வளர்வது, அதனால் எண்ணெய் வைக்க வைக்கக் கூடும். தலைத்தோலில் எண்ணெயை நிறுத்துங்கள். கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் ஒருமுறை வகிடு வகிடாகத் தோலில் மட்டும் தடவி ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். நீளத்துக்குக் கண்டிஷனர் பூசிவிடுங்கள், இல்லையென்றால் முடி காய்ந்துவிடும்.

குழந்தைக்கு வட்டமாக முடி போய், அந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகளோ சாம்பல் நிறச் செதிலோ இருந்து, கழுத்தின் பின்னால் நெறி கட்டியிருந்தால் புழுவெட்டு என்று நினைத்து வெங்காயம் தேய்க்காதீர்கள். அது படர்தாமரைப் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் பூசும் மருந்து போதாது, பல வாரம் வாய்வழி மருந்து சாப்பிட வேண்டும். சீப்பு, தொப்பி, தலையணை எதையும் பகிராமல், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளின் தலையையும் பாருங்கள். முடிவெட்டும் கடையில் ஒரே மெஷின் பல தலைக்குப் போவதாலும் பரவும்.

பையன்களுக்கும் ஆண்களுக்கும் பிடரியில் கெட்டியான சின்னக் கட்டிகள் வந்தால் ஒட்ட வழிப்பதை உடனே நிறுத்த வேண்டும். விட்டுவிட்டால் அவை பெரிய தழும்புக் கட்டிகளாக வளரும்.

“மேலே சுருள், கீழே நேர்”

ரிலாக்ஸரை நிறுத்தியவர்களின் தொல்லை இது. ரிலாக்ஸர் முடியின் உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை நிரந்தரமாக உடைக்கிறது. பட்ட இடம் திரும்பச் சுருளாது, புதிதாக வளர்வது மட்டும் சுருளாக வரும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் மிகவும் பலவீனமான இடம், ஒடிவதெல்லாம் அங்கேதான். நேர்ப்பகுதியை ஒரேயடியாக வெட்டிவிடலாம். மனசு வரவில்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு, அதுவரை இரண்டு பகுதியும் ஒன்றுபோலத் தெரியும்படி முறுக்கிச் சுருட்டி வைக்கலாம். அந்தக் கோட்டில் சீப்பை நிறுத்தி நிதானமாக எடுங்கள்.

திரும்பவும் ரிலாக்ஸர் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனங்களை வருடத்தில் நான்கு முறைக்கு மேல் போட்டவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று அதில் கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பைக் காட்டியது. என் மகளின் தலையில் நான் அதை வைக்க மாட்டேன்.

“பள்ளிக்கூடம் முடிந்து முதல் முறையாக வளர்க்கிறேன்”

கானாவில் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பெண்கள் முடியை ஒட்ட வெட்டியே வைத்திருக்க வேண்டும். சமய நம்பிக்கைக்காகச் சடைமுடி வைத்திருந்த இரண்டு ராஸ்தாஃபாரி மாணவர்களைச் சேர்க்க அக்ராவின் பெயர்பெற்ற பள்ளி ஒன்று மறுத்தபோது, 2021 மே 31 அன்று உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனால் பெண்களின் முடியை வெட்டும் வழக்கம் தொடர்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 2016-ல் பள்ளிப் பெண்களே தங்கள் முடிக்காகப் போராட வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் தன் முடியைத் தொட்டே பழகாத பெண்ணுக்கு 18 வயதில் அது திடீரென்று முழுசாகக் கைக்கு வருகிறது. அவளுக்குத் தெரியவில்லை என்றால் அது அவள் தவறில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு: முதல் மூன்று நான்கு மாதம் முடி குட்டையாக இருக்கும்போது சவுரி சேர்க்க அவசரப்படாதீர்கள், குட்டை முடியைப் பிடிக்க இறுக்கித்தான் பின்ன வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை அலசல், தினமும் காலையில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கிரீம், விரலால் நீவல், இரவில் சாட்டின் குட்டை. இவ்வளவே போதும். நான்கு ஐந்து சென்டிமீட்டர் வந்ததும் இரண்டு இழை முறுக்கல் போடப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நீங்களே போடலாம். முதலில் கோணலாக வரும், கைக்குப் பழகிவிடும். பக்கவாட்டும் பிடரியும் உச்சியும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சுருளில் வளர்வதைப் பார்த்துக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஒரே தலையில் 4ஏ, 4பி, 4சி என்று இறுக்கத்தின்படி பிரித்துச் சொல்லும் சுருள் வகைகள் மூன்றும் இருப்பது சாதாரணம். மூன்று இடத்து அளவையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.